வெட்டாமல் விட்ட வளைவு

என் அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். காட்டிலாகாவில் பாதை வெட்டுகிற வேலை அவருக்கு. கடலைப் பார்த்த மலைக்காடு அது. வருஷத்தில் எட்டு மாதம் மழை. இன்றைக்கு வெட்டினால் அடுத்த வாரமே செடி பாதையை மூடிவிடும். இருபுறமும் மூன்றடி சுத்தமாக இருக்க வேண்டும், சரிவின் விளிம்பு நடப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது உத்தரவு. இருபத்திரண்டு வருஷம் அரிவாளும் கையுமாகத் திரிந்த மனிதருக்கு, பாதையை மூடுகிற அந்தப் பெரணிச் செடி என்றால் உயிர். வெட்டுகிறவனுக்கு வெட்டுகிற செடி மேலேயே ஆசை வந்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

தட்டு முன்னால் உட்கார்ந்தால் பெரணிப் புராணம்தான். சுருண்ட குருத்து எப்படி விரிகிறது, பூவே பூக்காமல் எப்படிப் பெருகுகிறது என்று அளப்பார். சின்ன வீட்டுக் கதை போதும், சாப்பாடு ஆறுகிறது என்பாள் அக்கா.

அக்காவும் நானும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். காடு அரை மணி நேரத் தூரம்தான், ஆனாலும் அவள் போனதில்லை. லீவு கிடைத்தால் வீட்டு வேலை, மிச்சம் தூக்கம். அவளுக்குக் காட்ட வேண்டும் என்றே மாமா ஒரு வளைவில் பத்தடியை ஒரு மழைக்காலம் முழுக்க வெட்டாமல் விட்டுவைத்தார். பெரணி இடுப்பளவு வளர்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டிப்போனார். அவள் அசந்துபோய் நின்றாளாம். பச்சையில் இத்தனை பச்சையா என்றாளாம். இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளி வரிசையாக இருக்கும், திருப்பிப் பார் என்றார் இவர். அவள் ஓரடி எடுத்து வைத்தாள். அங்கே மண் இல்லை. வெட்டியிருந்தால், மழை அரித்துக்கொண்டு போனது அவர் கண்ணில் பட்டிருக்கும். கீழே பாறை, அதற்கும் கீழே கடல்.

மழையால் மண் சரிந்தது என்று அதிகாரி எழுதிக்கொண்டார். மாமா நேரே போய், வெட்டாமல் விட்டது நான்தான் என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு வந்தார். எனக்கு அது போதவில்லை. உங்கள் ஆசைக்கு என் அக்காதான் கிடைத்தாளா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவர் முகத்தில் முழிக்கவில்லை. சொந்தபந்தத்திடமெல்லாம் கொலைகாரன் என்றே சொன்னேன்.

போன வாரம் அக்காவின் துணிகளைக் கொடுக்க வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிடவும் மனசு வரவில்லை, அனுப்பவும் முடியவில்லை. இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"மாமா, அன்னைக்கு அவ வரமாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் விடல. உன் ஷிப்டை நான் பாத்துக்கறேன், போயிட்டு வான்னு விரட்டினேன்."

அவர் பையைக் கீழே வைத்தார்.

"தெரியும்மா," என்றார். "வழியெல்லாம் அதத்தான் சொல்லிட்டு வந்தா. தங்கச்சி அனுப்பி வச்சான்னு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்."

தெரிந்தும் ஒருவரிடமும் மூச்சு விடாமல், நான்கு மாதமும் என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நான் குனிந்து அந்தப் பையை எடுத்துக்கொண்டு, அவர் உள்ளே வரக் கதவை அகலத் திறந்தேன்.