பாலத்தடியில் மாட்டிய போத்தல்

மகாவலிப் பாலத்தடியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, சோதனைக்காகப் பைகளோடு எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். இறங்கும்போது என் கஸ்டமர் செல்வராஜா தன் பையை என் கையில் திணிக்கப் பார்த்தார். நான் வாங்கவில்லை. யுத்த காலத்தில் கண்டிப் பக்கம் குண்டுப் பயத்தில் அடுத்தவர் பையை நாங்கள் யாரும் தொட மாட்டோம்.

நான் அப்போது ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜண்ட். செல்வராஜாவுக்கு வத்தேகம பசாரில் ஃபேன்சி கடை. என்னைக் கண்டால் வளையல் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். "எனக்கு ஒன்னும் வராது மிஸ், தீபாவளி முடியட்டும்" என்பார். தீபாவளிகள் முடிந்துகொண்டே இருந்தன. பிறகு பக்கத்துக் கடைக்காரர் நெஞ்சு ஒப்பரேஷனுக்காகக் கடையையே விற்றார். அந்த வாரமே செல்வராஜா என் வீட்டு வாசலில் நின்றார்.

"எனக்கும் இப்படி ஆச்சுன்னா புள்ளைங்க தெருவுலதான் மிஸ். இன்னைக்கே போடுங்க."

கம்பனி டொக்டர் பார்க்க வேண்டும், காலை யூரினைப் போத்தலில் கொண்டு வாருங்கள், கண்டி லேப்புக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றேன். மனிதரின் முகம் வாடிவிட்டது. வெட்கம் என்று நினைத்தேன்.

பாலத்தடியில் ஆமிக்காரன் செல்வராஜாவின் பையிலிருந்து எடுத்தது ஒரு பழைய அரிஷ்டப் போத்தல், கழுத்துவரை நிறைந்திருந்தது. போத்தலில் எது கொண்டுபோனாலும் ஒரு வாய் குடித்துக்காட்டச் சொல்வது அப்போது வழக்கம்.

"குடி" என்றான் சிங்களத்தில்.

"முடியாது சேர். அது யூரின்."

ஆமிக்காரன் போத்தலைத் தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தான். "உன்னுடையதா?"

ஆமிக்காரனின் துவக்குக்கு முன்னால் பொய் சொல்ல யாருக்கு வாய் வரும்?

"இல்ல சேர். என் மச்சானோடது."

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கு வந்தது கோபமா சிரிப்பா என்று இன்றுவரை தெரியாது. கம்பனி அட்டையைக் காட்டி நான் விளக்கியதும், ஆமிக்காரன் இரண்டு விரலால் போத்தலைத் திருப்பிக் கொடுத்தான். "கவனம், கண்டியில் தாகத்துக்குக் குடித்துவிடாதே" என்றான்.

பஸ்ஸில் ஏறியதும் செல்வராஜாவைப் பிடித்துக்கொண்டேன். "என்ன அண்ணே இது?"

"கோவிச்சுக்காதீங்க மிஸ். எனக்குச் சீனி வருத்தம் இருக்கு. தெரிஞ்சா பொலிசி தர மாட்டாங்க."

"எந்த டொக்டர் சொன்னாரு?"

"டொக்டரு இல்ல. எறும்பு. நம்ம வீட்டு டொய்லெட்ல கொஞ்ச நாளா மொய்ச்சுக்கிட்டே இருக்கு. அதான் சிவாகிட்ட வாங்கிட்டு வந்தேன்."

சிவா அவருடைய மனைவியின் தம்பி. அதே வீட்டில் இருந்தான், வொலிபோல் ஆட்டக்காரன். பொலிசி பற்றிப் பேசினால் கையை மடக்கிக் காட்டி, "இதுதான் மிஸ் என் இன்சூரன்ஸ்" என்பான்.

பொய்யான சாம்பிளைக் கொடுத்து எடுத்த பொலிசி, ஆஸ்பத்திரியில் படுக்கும் நாளில் செல்லாது, அதற்குப் பொலிசியே இல்லாமல் இருக்கலாம் என்று லேப் வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். அங்கே அவர் தன்னுடையதைக் கொடுத்தார். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த போத்தலை ஏன் ஊற்றுவது என்று, சிவாவின் பெயரை எழுதி அதையும் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. செல்வராஜாவுக்குச் சீனியே இல்லை. மச்சானுடைய போத்தலில்தான் சீனி நிறைய இருந்தது.

செல்வராஜா லேப் கதிரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். "அப்ப அந்த எறும்பு..."

"உங்களைத் தேடி வரல அண்ணே."

அந்த ஆமிக்காரன் மட்டும் கேட்காமல் விட்டிருந்தால், நல்ல உடம்போடு இருந்த மனிதர் மச்சானுடைய வியாதியைக் கொடுத்துப் பொலிசியை இழந்திருப்பார். பிற்பாடு அவருக்குப் பித்தப்பையில் கல் வந்து ஒப்பரேஷன் நடந்தபோது கம்பனிதான் செலவைப் பார்த்தது. கடை வத்தேகமயில் இன்னமும் இருக்கிறது.

சிவா டொக்டரிடம் ஒழுங்காக மருந்து எடுத்தான். பிறகு ஒருநாள் பொலிசி கேட்டு என்னைத் தேடி வந்தான். சீனி வருத்தத்தால் வரும் எதற்கும் எங்கள் கம்பனி பொறுப்பேற்காது என்று சொல்ல எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: உடம்பு நன்றாக இருக்கும்போதே கையெழுத்து வாங்குங்கள், ஒளிந்துகொண்டாலும் விடாதீர்கள்.

அன்று சிவா கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"மிஸ், மச்சானோடதைக் கொண்டு வந்தா ஆகாதா?"