தொலைக்காட்சியில் என் கருப்பை

சென்னையில் ரோபோவை வைத்து என் கருப்பையை எடுத்தார்கள். புங்குடுதீவுக்குத் திரும்பி வந்த மறுகிழமையே எங்கள் வீட்டு முன்னறையில் படக்காட்சி தொடங்கிவிட்டது. வயிற்றுக்குள் விட்ட கமரா பிடித்த படத்தை என் கணவர் ஆஸ்பத்திரியில் கேட்டுத் தன் தொலைபேசியில் வாங்கி வந்திருந்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுகம் விசாரிக்க யார் வந்தாலும் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, தொலைக்காட்சியில் அதைப் போட்டுவிடுவார். வயிற்றுக் காயத்தைவிட அதுதான் என்னை வதைத்தது. எப்படியாவது அந்தப் படத்தை ஒழித்துவிட வேண்டும் என்பதே அப்போது என் ஒரே எண்ணம்.

ஒரு நாள் இவருடைய அக்கா, என் மச்சாள், குடும்பத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து வந்தார். எனக்கென்று ஆட்டிறைச்சி றோல்ஸ் வாங்கி வந்து, தாங்களே பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். திரையில் என் உள்ளுடம்பு மஞ்சள் கொழுப்பும் சிவப்புச் சவ்வுமாய்ப் பளபளத்தது. இரண்டு இரும்புக் கைகள் சதையைப் பிடித்துச் சுட்டுச் சுட்டு அறுத்தன. புகை எழும்பியது.

“டொக்டர் எட்ட இருந்துதான் இயக்குறார். பாருங்கோ அக்கா, என்ன பக்குவமாய்ப் பிடிக்குது!” என்றார் இவர்.

மச்சாள் விரலை நக்கிக்கொண்டே, “ஆட்டுக் குடல் மாதிரியெல்லே கிடக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய கணவர் இன்னொரு றோல்ஸை எடுத்துக் கடித்தார். என்ன அரியண்டம் பிடித்த சனம்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

அவர்கள் போனதும் கேட்டேன். “இஞ்சாருங்கோ, உங்களுக்கு வெக்கமாய் இல்லையே? அதை அழியுங்கோ.”

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “ஏன் கோவிக்கிறீர்? உந்தப் படத்தைப் பார்த்த பிறகுதானே நானே நம்பினனான். இவ்வளவு வருசமும் நீர் வேலை செய்யப் பஞ்சியில வருத்தமெண்டு சாட்டுச் சொல்லுறீர் எண்டெல்லே நினைச்சனான்.”

மாதாமாதம் இரத்தம் கொட்டி, கிணற்றடியில் தலைசுற்றி விழுந்திருக்கிறேன். இதே மனிதரிடம் ஏலாது என்று வாய்விட்டு அழுதிருக்கிறேன். தேத்தண்ணி எங்கே என்றுதான் கேட்பார். இவருக்குப் பக்கத்தில் படுத்தெழும்பிய வருடங்களை நினைக்க, என் உடம்பே எனக்கு அருவருத்தது.

தொலைபேசியைப் பறித்து அந்தப் படத்தை நானே அழித்தேன்.

அவர் பதறிப்போனார். “ஐயோ, இனி உமக்கு வருத்தம் இருந்தது எண்டு ஆர் நம்பப்போகினம்?”