முன்வாசல் மரியாதை

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் புதிதாகக் கட்டிய ஹோட்டலுக்கு வாசலையும் வரவேற்பு மேசையையும் வரைந்து கொடுத்தது நான்தான். நடக்க முடியாதவர்கள் தாங்களே வந்து, தாங்களே பெயரெழுதி, அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்பது என் ஆசை. அதற்காக மேசையின் ஒரு பாதியைத் தாழ்த்தினேன். சக்கர நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் நுழைய அடியில் இடம் விட்டேன். முன்பக்கம் செங்குத்தான மேடு, அங்கே படிக்கட்டுத்தான் வைக்கலாம். ஆகவே சாய்வுப் பாதையைப் பக்கவாட்டில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

எல்லாம் என் அக்காவை மனதில் வைத்துத்தான். பஸ் விபத்துக்குப் பிறகு அவள் எங்கே போனாலும் யாராவது தூக்க ஓடிவருவார்கள். நம் ஊரில் உதவிக்குப் பஞ்சமில்லை, அதுதான் தொல்லையே. முன்பின் தெரியாத கைகள் மேலே படும்போது செத்துப்போகலாம் போலிருக்கிறது என்பாள். கல்யாணம், கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். "இங்க யாரும் ஒன்னத் தொடமாட்டாங்கக்கா" என்று சத்தியம் செய்துதான் திறப்பு விழாவுக்குக் கூட்டிப்போனேன். புதுச் சேலை கட்டியிருந்தாள்.

வேனிலிருந்து அவளை நானே இறக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, பக்கப் பாதைக்குத் திருப்பினேன். ஹோட்டல் முதலாளி ஓடிவந்தார். கண்டி டவுனில் கடை வைத்து முன்னுக்கு வந்த நல்ல மனுசன்.

"என்னங்க இது, பெரியவங்கள சாமான் ஏத்துற பக்கமா கொண்டுபோறீங்க? நல்ல நாளும் அதுவுமா முன்வாசலால வாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் கையசைத்துவிட்டார். ஊழியர்கள் நாலு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். "வேணாங்க, வச்சிருங்க" என்று அக்கா கெஞ்சியது மேளச் சத்தத்தில் அமுங்கிப்போனது. ஒருவனுடைய கை அவள் தொடைக்கடியில் இருந்தது. மேலே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

உள்ளே போனால், தாழ்ந்த மேசையில் நிறைகுடமும் குத்துவிளக்கும். முழங்காலுக்கு விட்ட இடத்தில் பழக்கூடைகள். "விளக்கு வைக்கத் தோதான உயரமா செஞ்சிருக்கீங்க" என்று முதலாளி என்னை மெச்சினார். பாதையைப் பற்றிச் சொன்னேன். "நாங்க இத்தன பேர் இருக்கையில அவங்க ஏங்க சுத்திக்கிட்டு வரணும்?" என்றார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். இந்த அன்பை எந்த வரைபடத்தாலும் தடுக்க முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

வீட்டில் இறக்கிவிட்டபோது அக்கா சொன்னாள்.

"தம்பி, நீ நல்லாத்தான் செஞ்சிருக்க. இனிமே என்னை எங்கயும் கூப்பிடாத."

அதன்பிறகு அவள் வெளியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. எந்த இடத்தைச் சொல்லிக் கூப்பிடுவது?