ஸ்பாடைனாவில் ஓர் உபயம்

மிசிசாகா நவரட்ணத்தாருக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான்: போகிற இடமெல்லாம் தன் பெயர் சுவரில் இருக்கவேண்டும். எங்கள் கோயிலின் ரியூப் லைட், தண்ணீர்க்குழாய், செருப்புத் தட்டு எல்லாவற்றிலும் 'உபயம்: நவரட்ணம் குடும்பம்'. போன வருடம் புதிய நிர்வாகம் வர்ணம் அடித்து அவ்வளவையும் அழித்தது. இனி யார் பெயரும் எழுதுவதில்லையாம். மனுசன் சாப்பாடு இறங்காமல் திரிந்தார்.

அந்த நேரம் பார்த்து ஸ்பாடைனாத் தெருவில் ஒரு சீனச் சங்கத்தின் முன்னோர் கோயிலில் குளிருக்கு ஹீற்றிங் பூட்டும் வேலை கிடைத்தது. அதுதான் அவர் தொழில். அந்தக் காலத்தில் துணி வெளுத்துப் பிழைத்த சீனர்கள் சேர்ந்து கட்டிய கோயில் அது. கால் படாமல் தாண்டவேண்டிய உயர்ந்த வாசற்படி, ஆணியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகிய உத்தரங்கள், நடுவில் முற்றம், அதற்கு இங்கத்தைய பனிக்காகக் கண்ணாடிக்கூரை. ஆகப் பின்னால், படிப்படியாக உயர்ந்த தட்டுகளில் மரப்பலகைகள், ஒவ்வொன்றிலும் பொன்னெழுத்தில் பெயர். உத்தரத்தை யார் பார்த்தது? மனுசன் பலகைகளைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"பாத்தீரே யோகம், எவ்வளவு உபயகாரர்!" என்று மனைவி யோகராணிக்குப் போன் போட்டார்.

கூலி வேண்டாம், மேல்தட்டில் தமிழில் ஒரு பலகை போதும் என்று ஒற்றைக்காலில் நின்றார். செயலாளர் லியோங் திகைத்துப்போய், "எங்கள் வழக்கப்படிதான் வைப்போம்" என்றார். வழக்கம் என்னவென்று கேட்கிற ஆளா இவர்? "ஓகே, ஓகே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வேலை முடிந்து கோயிலை மறுபடி திறந்த நாளன்று வான் பிடித்து எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார். பலகை மேல்தட்டில்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் முழுக்கச் சிவப்புத்தாள் சுற்றியிருந்தது. ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை.

லியோங் பணிவாக விளக்கினார். இவையெல்லாம் இறந்தவர்களின் பலகைகள். உயிரோடு இருப்பவரின் பெயரைச் சிவப்புத்தாளால் மூடிவைப்பார்கள். செத்தபிறகுதான் தாளைக் கழற்றுவார்கள்.

"அப்ப நான் பாக்கேலாதோ?" என்றார் நவரட்ணத்தார். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"கவலைப்படாதேங்கோ. தாளைக் கழட்டுற அண்டைக்கு நான் வந்து வாசிக்கிறன்" என்றார் யோகராணி.

நவரட்ணத்தார் மேல்தட்டை இன்னொருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"தனிய வராதையும், யோகம். சனத்தைக் கூட்டிக்கொண்டு வாரும்."