மூடி திறக்கக் கூடாத பானை

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் எனக்குப் பழகாத விஷயம் ஒன்று உண்டு. சமையலை வேக வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவது. வின்னிபெக்கில் பாதி வீடுகளில் ஸ்லோ குக்கர் என்று ஒரு மின்சாரப் பானை இருக்கிறது. தீ கிடையாது, புகை கிடையாது, சத்தம் கூடக் கிடையாது. காலையில் இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் போட்டு மூடிவிட்டுப் போனால் சாயங்காலம் தானாக வெந்து கிடக்கும். நான் உதவியாளராக வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் மற்றப் பெண்கள் இதைப் பெருமையாகச் சொல்லும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன். பழவேற்காட்டு ஏரிக்கரையில், எங்கள் ஊரான தோணிரேவில், வீட்டில் குழம்பு கொதிக்கும்போது ஒருத்தி எழுந்து போனால் இன்னொருத்தி வந்து அடுப்பண்டை உட்காருவாள். எல்லாம் கூரை வீடு. ஏரிக்காற்று எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? ஆள் பார்க்காமல் ஒன்று வேகும் என்பதை என்னால் நம்பவே முடிந்ததில்லை. அப்படிப்பட்ட பானை ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்ததையும், அன்று நடந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தங்கை வசந்தாவின் புருஷன் ஏழுமலை பழவேற்காட்டு முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி இரண்டாவது ஆடி கூட வரவில்லை. ஏரியும் கடலும் முட்டிக்கொள்ளும் அந்த வாயில் அலை ஒருநாள் இருப்பதுபோல் மறுநாள் இருக்காது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். இவன் ஏறவில்லை. சில நாள் கழித்து வடக்கே மணல்திட்டில் ஒரு உடம்பு ஒதுங்கியது. எங்கள் தம்பி குமாரும் இன்னும் சில ஆம்பிளைகளும் போய்ப் பாயில் சுற்றி எடுத்து வந்து அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள். எனக்குத் தந்தி வந்தது. டிக்கெட் எடுக்க வசதியில்லை, லீவும் இல்லை. ஆஸ்பத்திரிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்கப்புறம் வசந்தா சாப்பாட்டை விட்டுவிட்டாள். விடியற்காலையில் எழுந்து முகத்துவாரத்துக்கு நடந்துபோய் நிற்பாளாம். வெயில் ஏறியதும் யாராவது போய்க் கைப்பிடித்துக் கூட்டி வருவார்களாம். கடைசியில் எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், எனக்குச் சொல்லி அனுப்பினார்: “கடலே இல்லாத ஊருன்னு சொன்னியே, அங்க இட்டுகினு போயிடும்மா. இங்க இருந்தா இவளும் தண்ணியோட போயிடுவா.” மெட்ராசிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு அவளை அனுப்பினார்கள். விமான நிலையத்தில் என் கோட்டை அவள் தோளில் போட்டபோது உள்ளே ஆளே இல்லாத மாதிரி இருந்தது.

வின்னிபெக்கில் கடல் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் எங்கள் தெருமுனையில் ஆறு இருக்கிறது. அதை நான் யோசிக்கவே இல்லை.

வந்த நாளிலிருந்து அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கஞ்சி வைத்தேன். இங்கே கிடைக்கும் இறாலை வாங்கி நம் ஊர் மாதிரி வறுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவாள். தண்ணீரும் டீயும்தான். பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் எடை பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், “இன்னிக்காவது சாப்பிட்டாளா?” என்றுதான் கேட்பார். அவள் தள்ளிவைத்த தட்டைக் காட்டுவேன். அந்தக் குழாயை நான் தினமும் மற்றவர்களுக்குப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் தங்கைக்கும் நானே பிடிக்கப்போகிறேனா?

எதிர் வீட்டில் ஓல்கா என்று ஒரு அம்மாள். உக்ரைனிலிருந்து சின்ன வயதில் வந்தவர், விதவை. ஒருநாள் எங்களைப் பார்க்க வந்து வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “யூ லாஸ்ட் யுவர் ஹஸ்பண்ட். சோ யங்” என்றார். அவர் போனதும் வசந்தா என்னிடம் திரும்பினாள். எட்டாவது வரை படித்தவள், கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும்.

“அக்கா, லாஸ்ட்னுதானே சொன்னாங்க?”

“ஆமாம்மா.”

“அப்டின்னா தொலஞ்சி போச்சின்னுதானே? செத்துட்டாருன்னு அவங்க சொல்லல இல்ல?”

இந்த ஊரில் செத்துப்போனதை அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினேன். அவள் கேட்கவில்லை. வந்ததிலிருந்து முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. ஆணியில் கோட்டு தொங்குகிறது, அவளைக் காணோம். வெளியே பனி முழங்கால் உயரம். ரப்பர் செருப்புத் தடம் தெருமுனைப் பக்கம் போயிருந்தது. ஈரத் தலையோடு ஓடினேன். ஆற்றங்கரையில், எதிர் ஜன்னலிலிருந்து பார்த்துப் பின்னாலேயே வந்திருந்த ஓல்கா அவளைத் தன் கம்பளியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஆறு உறைந்து வெள்ளையாய்க் கிடந்தது. நடுவில் யாரோ சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வசந்தாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

“தண்ணி மேலயே ஜனங்க நடக்கறாங்களேக்கா,” என்றாள். “அப்போ அடியில கீறவங்க எப்டி வெளிய வருவாங்க?”

ஓல்கா, “வாட் டிட் ஷி சே?” என்று கேட்டார். “குளிருதாம்” என்று சொல்லிவைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வேலைக்கு வரவில்லை என்றேன். வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். வசந்தாவின் கால்களை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஓல்கா மறுபடி வந்தார். ஒரு கையில் ஆரஞ்சு நிறப் பானை, இன்னொரு கையில் சாமான் பை. “சாக்லேட். எல்லாரும் சாக்லேட் சாப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் செத்தபோது நான் இதைத்தான் தின்றேன்” என்றார். பிறகு எங்கள் சமையலறையில் நின்று தானே செய்ய ஆரம்பித்தார். மைதா, சர்க்கரை, கொக்கோத்தூள், உருக்கின வெண்ணெய், பால். கெட்டியாகக் கரைத்துப் பானையில் பரப்பினார். அதன் மேல் பழுப்புச் சர்க்கரையும் இன்னும் கொஞ்சம் கொக்கோவும் தூவினார். கொதிக்கிற தண்ணீரை எடுத்து அப்படியே மேலே ஊற்றினார். கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கலக்கவும் இல்லை. மேலே தூளும் தண்ணீருமாய்க் கறுப்பாய் மிதந்தது.

வசந்தா தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்து, “ஏரிச் சேறு மாதிரி கீது” என்றாள். எனக்கும் அதேதான் தோன்றியிருந்தது. ஏரியில் தண்ணீர் வற்றும் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் முழங்கால் சேற்றில் தவழ்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடித்திருக்கிறோம். அவள் கைக்குத்தான் அதிகம் மாட்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள். பார்த்தால் இறால் ஓடிவிடும் என்பாள். கழுத்தில் தொங்கும் பனையோலைப் பறிக்கூடை நிறைந்ததும் சேற்று முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அப்படிச் சிரித்தவள் இவள்தானா என்று அந்த ஆரஞ்சுப் பானைக்கு முன்னால் நின்று நினைத்துக்கொண்டேன்.

ஓல்கா கண்ணாடி மூடியைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினார். விரலை ஆட்டிக் கண்டிப்பாகச் சொன்னார்: மூடியைத் திறக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, மத்தியானத்துக்குள் அதுவே ஆகிவிடும். சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

“இன்னா சொன்னாங்க?”

“தொறந்து பாக்கக் கூடாதாம்.”

வசந்தா எழுந்து நின்றாள். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது.

“ஏன் பாக்கக் கூடாது? அல்லாரும் இதையேதான் சொல்றீங்க. பாக்காத, பாக்காத, பாக்காத. அன்னிக்கி ரெண்டு கையும் புடிச்சி என்ன வூட்டுக்குள்ள இட்டுகினு போயிட்டாளுங்க. மொகம் வேணாம், காலையாவது காட்டுங்கன்னு கத்தனேன். எடது காலு சுண்டுவெரலு மேல நங்கூரம் வியுந்து கோணிகினு இருக்கும். அத்தப் பாத்தா எனுக்குத் தெரிஞ்சிடும்னேன். காட்டல. இடுப்புத் தாயத்த அறுத்துக் குடுத்தாங்க. அதே தாயத்து ஊர்ல பாதிப் பேரு இடுப்புல கீது. யாரையோ பொதச்சிட்டு எந் தாலிய அறுத்தாங்கக்கா!”

சொல்லிக்கொண்டே போய் மூடியைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது. குனிந்து அந்தக் கறுப்புக் குழம்பைப் பார்த்தபடியே நின்றாள். நான் தடுக்கவில்லை. இத்தனை மாதமும் நாங்கள் எல்லோரும் அவளை ஆறுதல் படுத்தத்தான் முயன்றோம். அவள் என்ன கேட்கிறாள் என்று ஒருத்தரும் காது கொடுக்கவில்லை.

“பாத்தவன் குமாருதானே?” என்றேன். “அவனையே கேக்கலாம். இப்பவே.”

எங்கள் ஊரில் ஏது டெலிபோன்? பழவேற்காட்டில் நைனா தான் பிடித்த இறாலைக் கொண்டுபோய் விற்கும் காதர் பாய் கடையில் ஒன்று இருந்தது. ஆபரேட்டரிடம் சொல்லிக் காத்திருந்தோம். லைன் கிடைத்தபோது அங்கே சாயங்காலம் தாண்டிவிட்டது. பாயின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. “யாரு, தோணிரேவு அண்ணன் பெரிய பொண்ணா? நல்லா கீறியாம்மா?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் வேறெதுவும் கேட்கவில்லை. “சைக்கிள்ல ஆளு அனுப்பறேன். கொஞ்சம் பொறுத்துத் திருப்பிப் போடு” என்று வைத்துவிட்டார்.

காத்திருந்த நேரம் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அவசரப்பட்டுவிட்டேனோ? தெரியாது என்று குமார் சொல்லிவிட்டால்? இவள் சாகும்வரை ஒவ்வொரு தண்ணீரின் ஓரத்திலும் போய் நிற்பாளே. வசந்தா போனுக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருந்தாள். சமையலறையிலிருந்து இனிப்பும் கசப்புமாய் வாசனை கிளம்பி வீடு முழுக்கப் பரவியது.

மறுபடி லைன் கிடைத்ததும் ரிசீவரை அவளே வாங்கிக்கொண்டாள். நான் காதை ஒட்டவைத்துக் கேட்டேன்.

“குமாரு, நா வசந்தாக்கா. மறைக்காத சொல்லு. அவரு எடது காலப் பாத்தியா நீ? சுண்டுவெரலு?”

கடல் இரைச்சல் மாதிரி ஒரு சத்தம் மட்டும். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவன் குரல் வந்தது.

“பாத்தேங்க்கா.”

“கோணலா இருந்துச்சா?”

“இருந்துச்சிக்கா. அவருதாங்க்கா. நாந்தான் தூக்கனேன். மாமாதான்.”

அவள் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. அது கையிலிருந்து நழுவி வயரில் தொங்கியது. அதிலிருந்து குமார் “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வசந்தா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பிணம் கிடக்கும் வீட்டில் பெண்கள் அழுவார்களே, அப்படி. ஊரில் அன்றைக்கு அழாத அழுகையை இந்த அடுக்குமாடி வீட்டில் அழுதாள். கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, “ஈஸ் எவ்ரிதிங் ஓகே?” என்றார். நான் கதவைப் பாதி திறந்து, “நோ” என்று மட்டும் சொன்னேன். அவர் மெதுவாக நகர்ந்து போய்விட்டார்.

பானையின் நினைவு வந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஓரமெல்லாம் தீய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் மேலே மெத்தென்று கேக்காகி, அடியில் கெட்டிப் பாகு தேங்கிக் கிடந்தது. ஒரு கிண்ணத்தில் வழித்துக் கொடுத்தேன். கரண்டியை வாங்காமல் கையாலேயே எடுத்தாள். நாக்கைச் சுட்டிருக்க வேண்டும், ஆனாலும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டேன். பிறகு, “கொஞ்சம் சோறு கீதாக்கா?” என்றாள்.

ஒரேயடியாகத் தேறிவிட்டாள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். சாப்பிடாத நாட்களும் வந்தன. ஆனால் குழாய் போட வேண்டியதில்லாமல் போயிற்று. பனி உருகி ஆறு ஓடத் தொடங்கியதும், “நா ஊருக்குப் போறேன். அவரப் பொதச்ச எடத்தப் பாக்கணும்” என்றாள். இங்கேயே இருந்துவிடு, பேப்பருக்கெல்லாம் ஏற்பாடு செய்கிறேன் என்று கெஞ்சினேன். எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

சில வருடம் கழித்து நான் ஊருக்குப் போனேன். வசந்தா பழவேற்காட்டில் இறால் ஏலம் எடுத்து விற்றுக்கொண்டிருந்தாள். குரல் கரகரத்து, உடம்பு பூசியிருந்தாள். ஒருநாள் காலை தோணிரேவிலிருந்து படகில் என்னைக் கூட்டிப்போனாள். அவளேதான் கழி போட்டுத் தள்ளினாள். கரை கொஞ்சம் விலகியதும், கேட்காமலேயே சொன்னாள்:

“குமாரு அன்னிக்கிப் பொய் சொன்னாங்க்கா. அந்த ஒடம்புல காலே இல்லியாம். ஒடம்ப எடுக்க அவங்கூடப் போனவன் ஒருத்தன் குடிச்சிட்டு ஒளறிட்டான்.”

நான் கேட்டேன்: “எப்போ தெரியும்?”

“அவன் ஒளறினது போன வருசம். ஆனா அன்னிக்கே சந்தேகந்தான். போன்ல எவ்ளோ நேரம் பேசாம நின்னான்!” கழியைச் சேற்றில் ஊன்றி இழுத்தாள். “அவரு எங்கியாச்சும் உயிரோட கீறாருன்னு துளி நெனப்பு இருந்தாக்கூட அவன் வாயில அந்தப் பொய் வந்திருக்காதுக்கா. அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குது. அது போதும் எனுக்கு.”

நான் எழுந்து அவள் பக்கம் போக நினைத்தேன். படகு ஆட்டம் கண்டது. “அய்யே, குந்துக்கா!” என்று அதட்டினாள். “நடுவுல குந்து. ரெண்டு பக்கமும் கெட்டியாப் புடிச்சிக்க. நீ பயக்கம் வுட்டுப்போன ஆளு.”

நடக்கப் பழகும் முன்பே படகில் ஏறினவள் நான். வெளியூரிலிருந்து ஏரி பார்க்க வருகிறவர்களை நாங்கள் அப்படித்தான் நடுவில் உட்காரச் சொல்வோம். உட்கார்ந்து, இரண்டு கையையும் விரித்து இரண்டு பக்கப் பலகையையும் பிடித்துக்கொண்டேன். கிளம்பின கரையும் போகிற கரையும் அங்கிருந்து ஒரே தூரத்தில் தெரிந்தன. வசந்தா எதிரே நின்று தள்ளிக்கொண்டிருந்தாள்.