பருத்தித்துறைப் பகல் கச்சேரிக்குக் கமரா கொண்டுபோன கதை

கொளுத்துகிற மத்தியான வெயிலில், கிற்றாரும் ட்ரம்ஸுமாக ஒரு பெரிய இசைக் கச்சேரி நடந்தது என்றால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரியுங்கோ. எண்பத்திநாலாம் ஆண்டு எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. பின்னேரம் ஆறு மணிக்கு ஊரடங்கு. அதற்குப் பிறகு ரோட்டில் கால் வைக்க நாய்கூட யோசிக்கும். அதனால் பருத்தித்துறைப் பக்கம் கடற்கரையில் ஒரு மாதா கோயில் திருநாளுக்கு ஒரு மணிக்கே கச்சேரி வைத்தார்கள். நானும் ஒரு கமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் இசை நிகழ்ச்சி பார்க்கப் போகிற சிலர், கமரா கொண்டு போகலாமோ என்று எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். நான் போய்வந்த கதையை வாசித்துவிட்டு நீங்களே யோசியுங்கோ.

நான் பாட்டுக் கேட்கப் போகவில்லை. எனக்கு அந்தச் சத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. போனது என் சிநேகிதி ஜசிந்தாவுக்காக. குருநகர்ப் பெட்டை. தட்டெழுத்து வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரை. மெசினிலேயே தாளம் போட்டு மாஸ்டரைத் தலையில் கை வைக்கப் பண்ணுவாள். அவளுடைய தமையன் ஓர் இசைக்குழுவில் கிற்றார் வாசித்தவர். அவர்களுடைய ட்ரம்ஸ்காரன் திடீரென்று ஜேர்மனிக்குப் போய்விட, "அண்ணை, நான் அடிக்கிறன்" என்று இவள் போய் உட்கார்ந்துவிட்டாள். அடித்தாள் என்றால் அடி! யாழ்ப்பாணத்தில் வேறொரு பெட்டை ட்ரம்ஸ் அடித்து நான் காணவில்லை.

ஜசிந்தாவின் தகப்பன் கப்பலில் வேலை செய்தவர். யாரோ ஒரு புண்ணியவான், "உன்ரை மகள் பெடியளோடை மேடையிலை ஆடித் திரியிறாள்" என்று அவருடைய காதில் ஓதிவிட்டான். தான் லீவில் வருகிற அன்றோடு இந்த விளையாட்டு முடிஞ்சுது என்று அவர் கடிதம் எழுதிவிட்டார். தாய் சொன்னாலும் நம்பவில்லை, தமையன் சொன்னாலும் நம்பவில்லை. கண்ணால் காணவேண்டும் அவருக்கு. ஸ்ரூடியோவில் எடுக்கிற படம் சரிவராது. இவள் முழங்கால் மூடின சட்டையோடு பின்னால் இருந்து அடிப்பதும், பக்கத்தில் தமையன் நிற்பதும், முன் கதிரையில் பாதர் இருப்பதும், குடும்பம் குடும்பமாகச் சனம் இருந்து கேட்பதும் ஒரே படத்தில் விழவேண்டும்.

"அதைக் கண்டால் அப்பா மறுபேச்சுக் கதையார்" என்றாள் ஜசிந்தா. "இல்லையெண்டால் எனக்கு இதுதான் கடைசிக் கச்சேரி."

கமரா எங்கள் அத்தான் சவூதியில் இருந்து கொண்டுவந்தது. அக்கா அவருடைய காலைப் பிடித்துக் கெஞ்சித்தான் வாங்கித் தந்தாள். உள்ளே ஒரே ஒரு ரோல். காலை ஏழு மணிக்கு வட்டுக்கோட்டையில் பஸ் ஏறினேன். யாழ்ப்பாணம் ஏழு மைல்தான். பஸ் ஸ்ராண்டில் ஜசிந்தா ட்ரம்ஸ் தடிகள் இரண்டையும் லேஞ்சித் துணியால் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். மற்றச் சாமான்கள் முதல் நாளே தமையனோடு லொறியில் போய்விட்டன. அங்கிருந்து 750 பஸ்ஸில் பருத்தித்துறைக்கு இருபத்தொரு மைல். ஒன்றேகால் மணித்தியாலத்தில் போகவேண்டியது, இரண்டரை மணித்தியாலம் எடுத்தது.

"தங்கச்சி, என்ன பேக்கைக் கைப்பிள்ளை மாதிரி அணைச்சுக்கொண்டு இருக்கிறியள்?" என்று கொண்டக்டர் கேட்டார்.

"சோத்துப் பாசல் அண்ணை."

"சோத்திலை உவ்வளவு பாசமோ!"

பஸ்ஸே சிரித்தது. நான் பேக்கை இன்னும் இறுக்கினேன். ஏனென்றால் பாசலுக்குக் கீழே துவாயில் சுற்றிக் கமரா. முன்னால் வல்லை வெளி. அங்கே ஆமி மறித்து எல்லாரையும் இறக்கி நடக்க விடுவார்கள். அன்று போகும்போது ஆம்பிளைகளைத்தான் துருவினார்கள். எங்கள் பேக்குகளுக்கு ஒரு பார்வையோடு சரி. இவ்வளவுதானோ என்று எனக்குத் துணிவு வந்துவிட்டது. அந்தத் துணிவை நம்பாதையுங்கோ.

கோயில் வளவில் இருந்து கடற்கரை வரைக்கும் சனம். மேடைக்கு மேலே தகரம், சனத்துக்கு மேலே வெயில். முன் கதிரைகளில் பாதரும் குடும்பக்காரரும் குடையோடு இருந்தார்கள். பின்னால் பெடியள், சைக்கிள் கரியரில் ஏறி நின்றவர்கள்கூட இருந்தார்கள். ஜெனரேற்றர் ஒரு பக்கம் கத்த, ஸ்பீக்கர் மறுபக்கம் கத்த, ஜசிந்தா முதல் அடி அடித்தாளே, என் நெஞ்சுக்குள் கேட்டது. எனக்குப் பிடிக்காது பிடிக்காது என்று சொன்ன நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என்ன பெருமையாக இருந்தது!

அவள் சொன்னபடி படம் விழவேண்டும் என்றால் மேடையின் பின் மூலையில் ஏறிச் சனத்தைப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். ஏறினேன். ஜசிந்தாவின் கன்னம், தமையனின் கிற்றார், அதற்கங்கால் பாதர், அதற்கும் அங்கால் சனம். ஒன்று, இரண்டு, மூன்று என்று அமத்தினேன். நாலாவதுக்குக் கண்ணை வைக்கிறேன், பின்னால் நின்ற பெடியள் அப்படியே முதுகு காட்டி நிற்கிறார்கள்! சிலர் துவாயை முகத்தில் போட்டிருந்தார்கள். பாம்பு கீம்பு வந்துட்டுதோ என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அவர்கள் திரும்பியது என் கமராவுக்கு.

பாட்டு முடிய முன்னமே நீலச் சேட் போட்ட ஒரு பெடியன் படிக்கட்டடிக்கு வந்துவிட்டான்.

"அக்கா, படம் எடுத்தனிங்களோ?"

"ஓம், என்ரை சிநேகிதியை. உமக்கென்ன?"

"எங்கடை முகங்களும் அதிலை விழுந்திருக்கும். வழியிலை செக்கிங். கமரா பிடிபட்டால் ரோலைக் கழுவிப் பாப்பாங்கள். பிறகு உவன் ஆர், பக்கத்திலை நிக்கிறவன் ஆர் எண்டு ஊர் ஊராய்த் தேடுவாங்கள்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "நான் என்ன உளவு பாக்கவோ வந்தனான்?"

"நீங்கள் இல்லை அக்கா. ஆனால் எடுத்த ஆள் ஆர், ஏன் எடுத்தவை எண்டு படம் சொல்லாதே."

இளம் பெடியன் என்றாலே ஆமி பிடித்துக்கொண்டு போகிற காலம். ஜசிந்தாவின் கதையை அவனுக்குச் சொன்னேன். ரோலைப் பறித்திருக்கலாம். பறிக்கவில்லை. மேடையைத் திரும்பிப் பார்த்தான். "நல்லாய் அடிக்கிறா" என்றான். "பத்திரமாய்க் கொண்டு போங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். கொண்டு போறன் என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டரை மணி பஸ்ஸில் திரும்பினோம். அந்தப் பெடியனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் பின்னுக்கு ஏறினார்கள். ஜசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வல்லை வெளியில் மறித்தார்கள். இந்த முறை பொம்பிளைகளின் பேக்கும் திறந்தது. சோத்துப் பாசல் வெளியே வந்தது, துவாய் வந்தது, கமரா வந்தது. ஆமிக்காரன் பெரியவனைக் கூப்பிட்டான். பெரியவனுக்குத் தமிழ் தெரியும்.

"படம் எங்க எடுத்தது?"

"கோயில் திருநாளிலை, சேர்."

"நல்லது. ரோல் தாங்க. நாங்க கழுவிப் படம் தாரது. காசு வேணாம். நாளைக்கு வந்து எடுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு ஆசை வந்தது. படம் கிடைக்குமே! ஜசிந்தா தப்பிவிடுவாளே! மற்றப் பக்கம் பார்த்தேன். ஆம்பிளைகளின் வரிசையில் நீலச் சேட், அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் கழட்டித் தாறன், சேர்" என்று ஜசிந்தா கமராவை வாங்கினாள். வாங்கின கையோடு பின் மூடியைத் திறந்தாள். ரோல் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், வெளிச்சம் பட்டால் எடுத்த படம் அத்தனையும் அந்த இடத்திலேயே செத்துப்போகும். வல்லை வெளியில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அவள் அந்த வெயிலில் ரோலை முழ நீளத்துக்கு இழுத்து, "ஐயோ சேர், வருகுதில்லை, எப்பிடிக் கழட்டுறது?" என்று ஒன்றும் தெரியாத பேதை மாதிரி நீட்டினாள்.

பெரியவன் கையை ஓங்கினான். நான் கண்ணை மூடிவிட்டேன். அடி விழவில்லை. எங்கள் இரண்டு பேரையும் ரோட்டோரத்தில் வெயிலில் நிற்க வைத்துவிட்டுப் போனான். அரை மணித்தியாலம். கமராவும் கையும் கொதித்தன. பஸ்காரர் எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை, அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். கடைசியில் "போ, போ" என்று விட்டார்கள். பஸ்ஸில் ஏறினதும் நீலச் சேட் எழும்பி ஜசிந்தாவுக்கு இடம் விட்டான்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். கமரா கொண்டு போங்கோ, இப்போது வல்லை வெளியில் உங்களை இறக்கி நடக்க விட மாட்டார்கள். 750 இன்னும் ஓடுகிறது. தண்ணிப் போத்தலும் தொப்பியும் எடுங்கோ, கடற்கரை வெயில் பொல்லாதது. ஆனால் மேடையை எடுக்கிற சாட்டில் சனத்தின் முகங்களை எடுத்துக் கண்டபடி இணையத்தில் போடாதையுங்கோ. ஒருவர் முகத்தைத் திருப்பினால் ஏன் என்று கேட்டு நிற்கவேண்டாம், கமராவைக் கீழே இறக்குங்கோ. இந்தப் பதிவில் ஒரு படமும் இல்லையே என்று குறைப்படப் போகிறவர்களுக்கும் இதுதான் பதில்.

தகப்பன் லீவில் வந்தார். நான் குருநகருக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். சோடா தந்து பொறுமையாகக் கேட்டவர், "பெட்டையள் ரெண்டும் சேர்ந்து நல்ல கதை கட்டுறியள்" என்றார். அதோடு முடிந்தது. அடுத்த கச்சேரிக்கு வேறொரு பெடியன் அடித்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வாசலில் வைத்து ஜசிந்தாவைக் கேட்டேன், "எடியே, ஒரு படமாவது மிச்சம் வைச்சிருக்கக்கூடாதோ?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" என்றாள். "நான் அடிச்சதைப் பாத்த சனம் உயிரோடை இருக்கட்டும். அப்பாவுக்குத்தான் படம் வேணும், எனக்கு வேண்டாம்."