குடும்ப போட்டோ வரட்டும் என்று இருந்தேன்

மூக்கண்டப்பள்ளியில் ஒரு லேபர் கான்ட்ராக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். புது ஆட்களை இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டில் பதிவு செய்து நம்பர் வாங்குவது என் பொறுப்பு. ஒடிசாவிலிருந்து வந்த பிரதாப்பின் பாரத்தை மட்டும் டிராயரில் போட்டு வைத்திருந்தேன். அவன் குடும்ப போட்டோ தரவில்லை. அதைப் பிறகு சேர்க்கலாம் என்று எனக்குத் தெரியும். எல்லாம் வந்ததும் ஒரேயடியாக முடிக்கலாம் என்ற சோம்பல்தான்.

"ஊர்ல ஸ்டூடியோ தூரம் மேடம். நாளைக்கு வரும்," என்று தினமும் சொல்வான்.

வேலைக்குச் சேர்ந்த ஆறாம் நாள் பிரஸ் மெஷின் அவன் வலது கையை நசுக்கிவிட்டது. துணியைச் சுற்றி ஆட்டோவில் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கவுண்டரில் இஎஸ்ஐ நம்பர் கேட்டார்கள். இருந்தால்தானே சொல்ல? அழுதுகொண்டே ஓனருக்குப் போன் போட்டேன்.

"அவன் நம்ம ஆளே இல்லன்னு சொல்லிட்டுக் கெளம்பி வாம்மா," என்றார்.

பெஞ்சில் பிரதாப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து என் வாட்ஸ்அப்பில் அவன் மனைவி அனுப்பிய போட்டோ வந்தது. புதுச் சேலை, இடுப்பில் குழந்தை. பக்கத்தில், பிறகு அவன் படத்தை ஒட்டிச் சேர்க்க ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டிருந்தார்கள்.

"எங்க ஆளுதான் சார்," என்று கவுண்டரில் சொல்லி, அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மூன்று விரல்கள் போய்விட்டன. உதவித்தொகைக்கு இன்னும் அலைகிறோம்.

இப்போது நம்பர் போடாமல் யாருக்கும் கேட் பாஸ் எழுதுவதில்லை. ஓனர் முறைக்கிறார், முறைக்கட்டும்.

போட்டோவுக்குக் கீழே, "சரியா இருக்கா மேடம்?" என்று அந்தப் பெண் இந்தியில் கேட்டிருந்தாள். அதற்கு இன்றுவரை நான் பதில் போடவில்லை.